ஆவுடை அழவில்லை

மஞ்சுளா டாக்கீஸின் பின்பக்கத்து இரும்புப் படிகளில் ஒரு பெண் ஏறி அதுவரை யாரும் பார்த்ததில்லை. அதுவும் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது... அதுவும் ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்குக் கொச்சி மட்டாஞ்சேரியில் பாதி ஊர் கூடியிருக்கும்போது... ஆவுடையம்மாள் ஏறினாள். சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு தடதடவென்று ஏறினாள். மேலே இருந்த தகரக் கதவை இரண்டு கைகளாலும் இடித்தாள்.

"யோவ் ஆபரேட்டரே! கதவத் தொறங்க! காது கேக்கலையா?"

உள்ளே புரொஜெக்டர் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது.

ஒல்லியாக, உயரமாக ஒருவன் நின்றான். நெற்றியில் காலையில் இட்ட விபூதி வியர்வையில் பாதி கரைந்திருந்தது. விரல்களில் கரி. அத்தனை கோபத்திலும் அவன் கண்களை ஆவுடை கவனித்துவிட்டாள். பெரிய, ஈரமான கண்கள்... ஆண்பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு நீளமான இமைகள் என்று ஒரு நொடி தோன்றியது. அந்த எண்ணத்தை உடனே அதட்டி உட்கார வைத்தாள்.

அவனோ திட்டுவதற்காகத் திறந்த வாயை மூடவே இல்லை. அவளைப் பார்த்தான். சுவரில் இருந்த சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாகத் திரையைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான்.

"நீங்கோ... நீங்கோதானே அது?"

"எது?"

"இப்போ நியூஸ்ரீல்ல வந்தேளே... மழையில... அழுதுண்டு..."

அந்த ஒரு வார்த்தை போதும், எரிகிற அடுப்பில் எண்ணெய் விட்ட மாதிரி ஆயிற்று.

"நான் அழுதேனா? நான் அழுதத நீங்க கண்டீயளா?"

விஷயம் இதுதான். யூதர் தெருவான ஜூ டவுன் முனையில் உள்ள மிளகுக் கிடங்கில் மிளகும் சுக்கும் புடைத்துத் தரம் பிரிக்கிறவள் ஆவுடை. அவள் அம்மா பேச்சியம்மாளுக்கும் அங்கேதான் வேலை. கிடங்குப் பெண்களில் பாதிப் பேர், சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து பள்ளுருத்தியில் குடியேறிய குடும்பங்கள். மீதிப் பேர் மலையாளிகள். சாயங்காலம் வீட்டுக்குப் போகும் முன் ஒவ்வொருத்தியும் கேட்டில் காவல்காரன் எதிரே நின்று, மடியை அவிழ்த்து உதறிக் காட்ட வேண்டும். மிளகு ஒளித்துக்கொண்டு போகவில்லை என்று நிரூபிப்பதற்காம்! அவன் பல்லைக் குத்திக்கொண்டே வேடிக்கை பார்ப்பான். வருஷக்கணக்காக இதுதான் வழக்கம். அந்த எழுபத்தெட்டாம் வருஷம், எடவப்பாதி என்கிற ஜூன் மாதப் பருவமழை பிடித்த வாரத்தில், ஆவுடை கேட்டில் நின்று, "நான் உதற மாட்டேன்" என்றாள். பின்னால் நின்றவளும் மாட்டேன் என்றாள். அதற்குப் பின்னால் நின்றவளும்...

எல்லோரும் கேட்டுக்கு வெளியே மழையில் உட்கார்ந்துவிட்டார்கள். கூலி போயிற்று. வீடுகளில் அடுப்பு அணைந்தது. போலீஸ் வந்து மிரட்டிப் பார்த்தது. ஒருத்திகூட எழுந்திருக்கவில்லை. கடைசியில் ஒருநாள் முதலாளியே கொட்டும் மழையில் வெளியே வந்து, ஊர் பார்க்கக் கை கூப்பி, "இனி மடிச் சோதனை இல்லை" என்று சொன்னார். அந்த நிமிஷத்தில் ஆவுடை வானத்தைப் பார்த்துக் குலவையிட்டாள். கிடங்கே சேர்ந்து குலவையிட்டது. மிளகு ஏற்றுமதியைப் படம் பிடிக்க மதராஸிலிருந்து வந்திருந்த செய்திப்படக்காரர்கள் இதையும் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

சினிமாவுக்கு முன்னால் ஓடும் செய்திப்படத்தில் நீங்கள் வருகிறீர்கள் என்று யாரோ சொன்னதும், அத்தனை பேரும் பூ வைத்துக்கொண்டு கிளம்பி வந்து பெஞ்சு டிக்கெட்டில் உட்கார்ந்தார்கள். திரையில் மழை... கிடங்கு... அப்புறம் ஆவுடையின் முகம், ஒரு வீட்டுச் சுவர் அளவுக்கு! பெண்கள் கைதட்டினார்கள். தட்டிய கை பாதியில் நின்றது. கண்களை மூடி, வாயின் மேல் கையை வைத்து, கன்னமெல்லாம் நீர் வழிய நின்ற அந்த முகத்தின் பின்னால் ஷெனாய் ஒன்று ஓலமிட்டது. கனத்த குரல் ஒன்று சொல்லிற்று: "வறுமையில் வாடும் அபலைகளின் கண்ணீர், முதலாளியின் இளகிய நெஞ்சைத் தொட்டது. இங்கே வென்றது கருணை!"

பால்கனியில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். அந்த உச்சுத்தான் ஆவுடையை இரும்புப் படிகளில் ஏற்றியது.

"அது கண்ணீர் இல்ல, மழ! நான் அழுவல!" என்றாள் இப்போது.

"அழலையா?"

அவன் முகத்தில் என்னவோ உடைந்தது. அது அவளை இன்னும் எரிச்சலூட்டியது. நான் அழாததில் இந்த ஆளுக்கு என்ன நஷ்டம்?

"அந்தப் படத்த இனிமே போடாதீய."

"நான் யாரு அதை நிறுத்தறதுக்கு? வர பெட்டியைப் பிரிச்சு ஓட்டறவன். ஒரு அடி வெட்டினாலும் மானேஜர் என்னை வெட்டிடுவார்... செத்த இருங்கோ, மெஷின் விளக்குல கார்பன் அணையறது!"

அவன் மெஷினைப் பார்க்க ஓடினான். திரும்பி வந்தபோது கதவில் யாரும் இல்லை. படிகளில் மல்லிகைப்பூ நாலைந்து உதிர்ந்து கிடந்தன.

வீட்டில் பேச்சியம்மாள் வேறு மாதிரி பேசினாள்.

"அழுததாவே இருந்துட்டுப் போட்டுமே ஏட்டி. என்ன கொறஞ்சு போச்சு? அழுவுத பொண்ணுன்னா பாவம்னு நாலு பேரு கட்டிக்கிட வருவான். சண்டக்காரின்னு பேரு வந்தா எவன் வருவான்?"

"நீயும் அங்கனதான நின்ன? நீ அழுதியா?"

பேச்சியம்மாள் கப்பைக் கிழங்கின் தோலை உரித்தாள். கொஞ்சம் வேகமாகவே உரித்தாள்.

மறுநாள் கேட்டில் காவல்காரன் இளித்தான். "கண்ணு தொடச்சோ மோளே? முதலாளி மனசு அலிஞ்சு, இளகிப் போச்சே!" கூட வந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். அதைத்தான் ஆவுடையால் தாங்க முடியவில்லை. ஒரு மாதமாக நிமிர்ந்து நடந்த தலைகள் அவை. மழையிலும் லத்தியிலும் குனியாத தலைகள் ஒரு ஷெனாய்ச் சத்தத்தில் குனிந்து போயின.

புதன்கிழமை சாயங்காலம் மழை வெளுத்து வாங்கியது. வேலை முடிந்து வந்த ஆவுடை சாயாக்கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினாள். பக்கத்தில் ஒரு கறுப்புக் குடை மெல்ல மடங்கியது. குடைக்குப் பின்னால் அந்த இமைகள்!

"நான் ராமபத்ரன்... ஆபரேட்டர்."

"தெரியுது. கை கழுவிட்டு வந்திருக்கீய, அதான் அடையாளம் தெரியல."

அவன் தன் கையைப் பார்த்துச் சிரித்தான். சிரித்தால் இடது கன்னத்தில் மட்டும் குழி விழுந்தது. ஆவுடை மழையைப் பார்க்கத் தொடங்கினாள். மழை ரொம்ப நன்றாக இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"ஒரு சாயா குடிக்கறேளா?"

"நடுத்தெருவுல உங்க கூட நின்னு சாயா குடிக்கவா? அதையும் எவனாவது படம் புடிச்சு, பசியில வாடுத அபலைம்பான்."

"அது சரிதான்... நான் கேக்க வந்தது வேற. அழலேன்னா, அது என்னவாக்கும்? மூணு நாளா மண்டையை ஒடச்சிண்டிருக்கேன்."

"கொலவ."

"என்னது?"

"கொலவ போட்டேன். நீங்க தமிழாளுதான? கொலவ தெரியாதா?"

"தமிழ்தான். பாலக்காட்டுலேர்ந்து தாத்தா காலத்துலயே இங்க வந்துட்டோம். எங்காத்துக் கல்யாணத்துல கெட்டிமேளம் கெட்டிமேளம்னு கத்துவா. பொம்மனாட்டிகள் ஊஞ்சல் பாட்டு பாடுவா. இது கேட்டதில்லையே."

ஆவுடைக்குச் சிரிப்பு வந்தது. "கோயில் கொடையில சாமி எறங்கினா போடுவோம். பொண்ணு சமைஞ்சா போடுவோம். தாலி ஏறினா போடுவோம். நாக்க ரெண்டு பக்கமும் ஆட்டி... கைய இப்பிடி வாய்க்கு மேல வச்சு..."

கை தானாக எழுந்தது. சாயாக்கடைக்காரர் கண்ணாடி டம்ளரைக் கழுவாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கை தானாக இறங்கியது.

"கை எதுக்கு?"

"நாக்கு ஆடுதத நாலு பேரு பாக்கக் கூடாதுல்லா. பெரியவுக பழக்கம்."

"அட! மலையாளத்துல குரவை இடுவாளே, அதா! ஆனா அவா கையால மூட மாட்டா. அதான் யாருக்கும் பிடி கிட்டலை. சத்தமில்லாம பாத்தா, வாயைப் பொத்திண்டு அழற மாதிரியே இருக்கு."

"சத்தமில்லாமயா? நாங்க போட்ட போடுல போலீஸ்காரனே காதப் பொத்தினானே!"

"அந்தக் காமிராவுக்குக் காதே கிடையாதாக்கும். படம் மட்டும்தான் பிடிக்கும். ஷெனாய், அந்தப் பேச்சு எல்லாம் மதராஸ்ல உக்காந்துண்டு அப்புறமா ஒட்டினது. ஓட்டிண்டே இருந்தா தெரியாதா என்ன... அங்க மழை பேஞ்சிண்டிருக்கு, ஆனா படத்துல மழைச் சத்தம்கூட இல்லை."

ஆவுடைக்கு இப்போது புரிந்தது. அப்படியானால் அவர்கள் அவள் முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய், குரலை வழியிலேயே எறிந்துவிட்டார்கள். அந்த இடத்தில் வேறொரு குரலை வைத்துத் தைத்துவிட்டார்கள்.

அவன் குடையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"இன்னொண்ணும் சொல்லணும். கோவிச்சுக்கப்படாது."

"சொல்லுங்க, பாக்கலாம்."

"வெள்ளிக்கிழமை முதல் ஷோவுல அந்த முகத்தைப் பார்த்தேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு ஷோவுலயும் அது வர நேரம் ஜன்னல்கிட்ட வந்து நின்னுடுவேன். எனக்கும் கண் நெறைஞ்சுடும். இந்தப் பொண்ணை இனிமே யாரும் அழவிடாம பாத்துக்கணும்... நானே பாத்துக்கணும்னு..."

மழைச் சத்தத்தில் மீதி கேட்கவில்லை. கேட்கவும் வேண்டியிருக்கவில்லை. ஆவுடையின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று துள்ளி எழுந்தது. எழுந்த வேகத்திலேயே அறை வாங்கிய மாதிரி உட்கார்ந்தது.

"யாரச் சொல்லுதீய?"

"உங்களைத்தான்."

"இல்ல. திரையில அழுவுதாளே, அவளச் சொல்லுதீய. அவ மேல ஆசன்னா அவளத் தேடிப் போங்க. மதராஸ்லதான செஞ்சானுவ, அங்கனயே கெடப்பா. நான் வேற ஆளு. என்னய எவனும் பாத்துக்கிட வேண்டாம்."

"குடையையாவது..."

"மழ எனக்குப் பழக்கம்தான்!"

நனைந்துகொண்டே நடந்தாள். பள்ளுருத்தி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டாள். முதல் தடவையாக ஒருவன் அவளைத் தேடி வந்து நின்றான்... அவனும் பொய்யான ஒருத்தியைப் பார்த்துத்தான் வந்தான். அந்த அழுமூஞ்சி மேல் ஆவுடைக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. சீ, என்ன புத்தி இது என்று தலையில் தட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை கிடங்குக் கணக்குப்பிள்ளை எல்லோரையும் முற்றத்தில் கூட்டி வைத்துப் பேசினார்.

"முதலாளி பெரிய மனசு பண்ணித்தான் சோதனையை நிறுத்தினார். ஊரே சினிமாவில் பார்த்தாச்சு. ஆனால் தானமாகக் கொடுத்ததை எப்போதுமே கொடுத்துக்கொண்டிருக்க முடியுமா? மழை கழிந்ததும் பழைய முறைதான். மனசைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள்."

"எல்லாரு முன்னாலயும் வாக்குக் கொடுத்தாரே!" என்றாள் ஆவுடை.

"வாக்கா? நீ அழுதாய், அவர் இரங்கினார். படத்தில் அப்படித்தானே இருக்கிறது?"

ஒரு மலையாளிப் பெண், "நம்மள் ஜெயிச்சதல்லே, ஆவுடை?" என்று மெல்லக் கேட்டாள். அந்தக் கேள்வியில் இருந்த சந்தேகம் ஆவுடையை உலுக்கிவிட்டது. கூட உட்கார்ந்து நனைந்தவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது! இன்னும் பத்து நாள் அந்தப் படம் ஓடினால், மறுபடி மடியை அவிழ்த்து உதறுவது தங்கள் தலையெழுத்து என்று எல்லோரும் ஒப்புக்கொண்டு விடுவார்கள்.

அன்று சாயங்காலம் இரும்புப் படிகளில் அவள் மெதுவாக ஏறினாள். கோபத்தில் ஏறியதைவிட இது கடினமாக இருந்தது. கதவைத் தட்டினாள்.

ராமபத்ரன் திறந்தான்.

"ஒரு சங்கதி கேக்க வந்தேன். உதவின்னு நெனச்சுக்கிடாதீய."

"நெனைக்கலை. சொல்லுங்கோ."

"சத்தம் பின்னால ஒட்டினதுன்னீயளே... அந்தச் சத்தத்த மட்டும் நிறுத்த முடியுமா?"

"முடியும். இந்தக் குமிழைத் திருகினா போச்சு. ஆனா சும்மா ஊமைப்படமாப் போகுமே?"

"போவாது. சத்தத்துக்கு நாங்க இருக்கோம்."

அவன் அவளையே பார்த்தான். மெதுவாக அவனுக்குப் புரிந்தது. அந்தப் பெரிய கண்கள் இன்னும் பெரிதாயின.

"அம்மாடி...! ஞாயித்துக்கிழமை மேட்னிக்கு வாங்கோ. உங்க முதலாளி பால்கனி முழுக்க எடுத்திருக்கார். வடக்கேர்ந்து வந்த வியாபாரிகளுக்குத் தன்னைத் திரையில காட்டணுமாம்."

ஆவுடை அந்தக் குமிழைப் பார்த்தாள். "உங்க வேல போயிருமே?"

"போகும்னுதான் தோணறது."

"பொறவு எதுக்குச் சம்மதிக்கீய? அந்த அழுமூஞ்சிக்காகவா?"

"இல்லை. ஒரு வாரமா ஊருக்கெல்லாம் பொய்யை ஓட்டிக் காட்டினது இந்தக் கைதானே. இது என் தொழில். எனக்கும் மானம் உண்டு."

அவன் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் படி இறங்கும்போது ஆவுடைக்கு அந்தக் குரல் காதிலேயே நின்றது. இந்த ஆளுக்குள் இப்படி ஒரு ஆள் இருந்தானா என்று நினைத்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்றும் நினைத்துக்கொண்டாள். திரும்பிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெஞ்சு வரிசைகளில் கிடங்குப் பெண்கள். பால்கனியில் சில்க் ஜிப்பாவும் அத்தருமாக முதலாளியும் அவர் விருந்தாளிகளும். விளக்கு அணைந்தது. செய்திப்படம் தொடங்கியது. ஏதோ ஓர் அணைக்கட்டு, ஏதோ ஒரு விளையாட்டுப் போட்டி... அப்புறம் மிளகு மூட்டைகள், கப்பல், மழை.

சட்டென்று சத்தம் நின்றது.

"ஓபரேட்டரே! சௌண்டு எங்கேடோ!" நாலு பக்கமும் விசில் பறந்தது. "உறங்கிப் போயோ?"

திரையில் முதலாளி வெளியே வந்தார். பேச்சும் ஷெனாயும் இல்லாமல் வெறுமனே பார்க்கும்போது அந்த முகம் வேறாக இருந்தது. கருணையை அங்கே எவ்வளவு தேடினாலும் காணோம். வேறு வழியில்லாமல் கை கூப்பிய ஒரு மனிதரின் முகம் அது, தோற்றுப் போனவரின் முகம். விசில்கள் ஒவ்வொன்றாக அடங்கின. எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

அப்புறம் ஆவுடையின் முகம் வந்தது.

பெஞ்சிலிருந்து ஆவுடை எழுந்து நின்றாள். கையை வாய்க்குக் கொண்டு போனாள். குரல் வரவில்லை! ஒரு மாத மழை, குனிந்த தலைகள், மேலே அந்த அறையில் வேலையைப் பணயம் வைத்து நிற்கிறவன்... எல்லாம் சேர்ந்து குரலை மறித்தது. திரையில் அந்த நிமிஷம் ஓடிக்கொண்டே இருந்தது. இன்னும் கொஞ்சம்தான், முடிந்து போகும். ஐயோ, முடிந்து போகும்!

அவள் பக்கத்தில் ஒரு குலவை கிளம்பியது.

பேச்சியம்மாள்! அழுததாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்ற அதே பேச்சியம்மாள், பெஞ்சின் மேலேயே ஏறி நின்றுகொண்டு, மகளின் தோளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தியேட்டரின் தகரக்கூரை அதிரக் குலவையிட்டாள். ஆவுடையின் தொண்டை திறந்துகொண்டது. அவளும் போட்டாள். வரிசை வரிசையாகப் பெண்கள் எழுந்தார்கள். மேலே திரையில் மழையில் நின்ற பெண்களும் கீழே இருட்டில் நின்ற பெண்களும் ஒரே மாதிரி வாய்மேல் கை வைத்திருந்தார்கள். அந்த முகங்களுக்கு அவற்றின் குரல் கிடைத்துவிட்டது.

"குரவயாணு!" என்று ஒரு மலையாளி அம்மாள் கூவினாள். "கரச்சிலல்லா, அழுகையல்லா, குரவ! ஜெயிச்ச குரவ!"

அவளும் இட்டாள். சோற்றுப் பாத்திரத்தோடு வந்த மீன்காரிகள் இட்டார்கள். பால்கனியில் முதலாளி வீட்டுப் பெண்கள் பக்கத்திலிருந்துகூட ஒரு மெல்லிய குரவை கேட்டது. ஆண்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். முதலாளி விருந்தாளிகளை விட்டுவிட்டுக் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தபடி வெளியே நடந்தார். ஆவுடை அண்ணாந்து பார்த்தாள். புரொஜெக்டர் அறையின் சின்ன ஜன்னலில் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் ஒரு முகம் ஒட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் கேட்டில் காவல்காரன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் எதிரே பெண்கள் நிமிர்ந்து நடந்து வெளியே வந்தார்கள். கணக்குப்பிள்ளை அதற்கப்புறம் கருணை என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. மழை கழிந்தும் சோதனை திரும்பவில்லை. மட்டாஞ்சேரி முழுக்கப் பார்த்துவிட்ட ஒரு தோல்வியை மறுபடி ஜெயமாக்க யாரால் முடியும்!

ஆனால் அதெல்லாம் பின்னால். அந்தத் திங்கட்கிழமையே ஆவுடைக்கு இன்னொரு செய்தி வந்தது. மானேஜர் ராமபத்ரனை அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார். சாயாக்கடைக்காரர் சொன்னார்: "அக்கரையில், கலூரில் ஏதோ தியேட்டரில் அசிஸ்டெண்டு வேலையாம். அஞ்சு மணி போட்டுக்குப் போகுன்னுண்டு பாவம்." அவர் சொல்லி முடிக்கும்போது ஆவுடை படகு ஜெட்டிக்குப் பாதி தூரம் போயிருந்தாள்.

மழை விட்டிருந்தது. காயல் நீர் வெயிலில் பளபளத்தது. ஜெட்டியின் மரப்பலகையில் ஒரு டிரங்குப் பெட்டியும் அந்தக் கறுப்புக் குடையுமாக அவன் நின்றான். அவளைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்தான், தூக்கினான், மறுபடி கீழே வைத்தான்.

"சொல்லாமப் போறீயளே," என்றாள் மூச்சு வாங்க.

"சொல்ல வந்தா, மழ எனக்குப் பழக்கம்னு திரும்பி நடந்துடுவேளோன்னு பயம்."

"வீட்டுல என்ன சொன்னாவ?"

"அப்பா, சினிமாக் கொட்டகையில வேலை பாக்கறதே கேவலம், அதையும் தொலைச்சுண்டயான்னார். அம்மா பேசறதேயில்லை."

"வேல போனதுக்கா?"

"இல்லை..." அவன் காது சிவந்தது. "உங்களைப் பத்திச் சொன்னேன். பேச்சு நின்னு போச்சு. ஆனா தட்டுல ரசம் விடறா. அப்பளமும் பொரிக்கறா. அதனால எனக்கு நம்பிக்கை இருக்கு."

ஆவுடைக்கு வந்த சிரிப்பைக் காயல் பக்கம் திரும்பித்தான் மறைக்க முடிந்தது. என்னைக் கேட்காமல் அம்மாவிடம் சொல்லியாயிற்றாம்! திமிர்தான்... ஆனால் இனிப்பான திமிர்.

"என்னன்னு சொன்னீய? அழுவுத பொண்ணு ஒருத்தியப் புடிச்சிருக்குன்னா?"

"அவ போயிட்டா." அவன் நிமிர்ந்து பார்த்தான். அந்தக் கண்களில் இப்போது கொஞ்சமும் தயக்கமில்லை. "அந்த முகத்தைப் பார்த்தப்போ, முன்னால போய் நின்னு காப்பாத்தணும்னு தோணித்து. அது என் கிறுக்கு. நேத்திக்கு மேலேர்ந்து உங்க எல்லாரையும் பார்த்தேனே... உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. இவாளை யாரும் காப்பாத்த வேண்டாம், இந்தக் கூட்டத்துல ஒரு ஓரமா நிக்க எனக்கு எடம் கிடைச்சா போறும்னு இருந்தது. பெஞ்சுல எழுந்து நின்னேளே, அந்த ஆவுடையைத்தான் பிடிச்சிருக்குன்னு அம்மாகிட்டச் சொன்னேன். உங்ககிட்டயும் சொல்லறேன்."

போட்டு வந்து ஜெட்டியில் இடித்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். ஆவுடை அசையாமல் நின்றாள். இருந்த வேலையைத் தொலைத்துவிட்டு, ஒரு பெட்டியோடு நிற்கிறவன். அவன் முகத்தில் வருத்தம் துளிகூட இல்லை. ஒரு ராஜாவைப் போல நிற்கிறான். அவளுக்கு அவனைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. தன்னை நினைத்தும் பெருமையாக இருந்தது. இரண்டு பெருமையும் ஒரே நெஞ்சில் இடித்துக்கொள்ளாமல் இருந்ததுதான் ஆச்சரியம்.

"கேளுங்க ஆபரேட்டரே, ஒரு தடவதான் சொல்லுவேன்."

"சொல்லுங்கோ..."

"எனக்கும் உங்களப் புடிச்சிருக்கு. கதவத் தொறந்து திருதிருன்னு முழிச்சீயளே, அப்பவே புடிச்சிருக்கணும்... கோவத்துல தெரியல."

அவன் வாய் திறந்தது. கையை உயர்த்தி அவனை அடக்கினாள்.

"ஆனா ஓரமா நிக்க ஆளு எனக்கு வேண்டாம்."

அவன் முகம் வாடத் தொடங்கியது. அதைக் கொஞ்ச நேரம் ஆசை தீரப் பார்த்துவிட்டு, ஆவுடை பலகையில் ஓரடி நகர்ந்து இடம் விட்டாள்.

"இங்கன, பக்கத்துல வந்து நில்லுங்க."

அஞ்சு மணி போட்டு அவனை ஏற்றாமலேயே புறப்பட்டுப் போயிற்று.